வைரஸுக்கு ஒரு சிபாரிசு

உள்ளே ஆள் வைத்திருப்பவர் என்று ஓர் இனம் உண்டு. இவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. வரிசையில் நின்றால் போதும், அவரே வந்துவிடுவார். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஒரு கையெழுத்துக்காகக் காலை பத்து மணியிலிருந்து நின்று, கால் மாற்றி நின்று, தூணில் சாய்ந்து நின்று, முன்னால் நிற்பவரின் சட்டைக் காலரில் எத்தனை தையல் என்று பார்த்து முடித்த பிறகு, பின்னாலிருந்து உங்கள் தோளில் ஒரு கை விழும்.

"இதுக்கா இங்கன நிக்கீரு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா வே? உள்ள நமக்கு ஆள் இருக்குல்லா!"

சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் ஆளிடம் பேசுவதற்காக அவர் வெளியே போவார். கவனித்திருக்கிறீர்களா? உள்ளே ஆள் வைத்திருப்பவர் ஒருநாளும் உள்ளே போவதில்லை. வேப்பமரத்தடியில் நின்று, ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி ரகசியம் பேசுவார்.

அவருடைய போனை வாங்கிப் பாருங்கள். மனிதர் பெயர் ஒன்றுகூட இருக்காது. ஈபி ஆபீஸ், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே, ரயில் டிக்கெட், பத்திரம் புதுசு, பத்திரம் பழசு என்று நீண்டுகொண்டே போகும். இதில் 'பத்திரம் பழசு' ஓய்வு பெற்று, பேரன் எடுத்து, முழங்கால் ஆபரேஷனும் செய்துகொண்டு மதுரையில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆனாலும் அந்த நம்பரை அழிக்க மாட்டார். உள்ளே இருந்த ஆள் வெளியே வந்தால் என்ன, ஆள் ஆள்தானே?

உங்கள் வேலை முடிந்தால், அது அவர் சொன்னதனால் முடிந்தது. முடியாவிட்டால், "நேத்துதான் நம்ம ஆளை மாத்திட்டாவ." அரசாங்கம் ஊழியர்களை இடம் மாற்றுவதே இவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. இதில் ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். இவர் தரகர் கிடையாது. உங்களிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். உங்களுக்குத்தான் வாங்கித் தருவார். அவருக்கு வேண்டியதெல்லாம், காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நீங்கள் வெளியே வரும்போது, அவரைப் பார்த்து ஒரு தலையாட்டல். அந்த ஒரு தலையாட்டலில் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கும்.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைமகன் செல்லத்துரை அண்ணாச்சி. ஊர் கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் பாதையில் இருக்கிறது. கால்நடை மருந்தகத்துக்கு எதிரே மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவன் நான். சோலைராஜ். அண்ணாச்சி தினமும் காலையில் வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வந்து, என் கடைப் புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, மூட்டை ஒரு பக்கமாகச் சரியும்வரை ஊருக்கு உழைப்பார். அவர் எழுந்து போன பிறகு மூட்டையை நிமிர்த்தி வைப்பது என் பொறுப்பு.

அப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு சோதனை வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கரிசல்காட்டு நடுவே, நாற்பது அடி தோண்டி அஸ்திவாரம் போட்டு, ஒரு வெள்ளைக் கட்டிடம் எழும்பியது. கொடிய வைரஸ் கிருமிகளை ஆராயும் உயர் பாதுகாப்பு ஆய்வகம் என்று பலகை வைத்தார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போய்விடும். தீப்பெட்டித் தொழிற்சாலையையே தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லிப் பழகிய எங்கள் பக்கத்து ஜனங்கள், இதற்கு வைரஸ் ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவர் எழும்பும்போதே செல்லத்துரை அண்ணாச்சிக்கு உள்ளே ஆள் இருந்தது. சிமெண்ட் இறக்குகிற சூப்பர்வைசர். கட்டிடம் முடிந்ததும் அவர் வேறு கட்டிடத்துக்குப் போய்விட்டார்.

திறப்பதற்கு முன்னால் சுற்றுக் கிராமத்தாரைக் கூப்பிட்டு, பயப்பட வேண்டாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஓர் அதிகாரி விளக்கினார். உள்ளே ஆறு கதவுகள். ஒன்று சாத்தினால்தான் அடுத்தது திறக்கும். போகிறவர் உடுத்த துணியையெல்லாம் களைந்து வைத்துவிட்டு வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு போக வேண்டும். வரும்போது குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். காற்றுகூட உள்ளே போகலாம், வடிகட்டாமல் வெளியே வர முடியாது. குளித்த தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் வெளியே விடுவார்கள். போன் கொண்டுபோகக் கூடாது. உள்ளே எழுதிய காகிதம் வெளியே வராது. உள்ளே போன பேனாவுக்கு ஆயுள் அதோடு முடிந்தது.

"அப்ப குளிக்கதுக்கே அவியளுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கணும் போலருக்கே" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரி ஒவ்வொரு கதவாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் ஒவ்வொரு சுற்றாக வாடியது. போனும் போகாது, சீட்டும் போகாது, ஆளைக் கூப்பிட்டால் ஆள் குளித்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றால், அது என்ன ஆபீஸ்? ஒரு மனிதன் எப்படித்தான் சிபாரிசு செய்வது?

ஒரு வாரம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். மூட்டைமேல் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சோலை, வைரஸ் ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு வே."

"யாரு அண்ணாச்சி?"

"பேரு வேண்டாம். ரொம்பப் பெரிய பாதுகாப்பு. வெளிய தெரிஞ்சா அவிய பொழப்பு கெட்டுப்போகும்."

நான் நம்பினேனா என்று கேட்கிறீர்களா? நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. என்றைக்காவது தேவைப்படும் என்று ஒரு பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்த வைகாசியில் தேவைப்பட்டது.

எங்கள் தெரு முப்பிடாதியிடம் முப்பத்திரண்டு கொடி ஆடுகள். வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளித்து, நெட்டைக் கால் வைத்து, மனுஷனை நிமிர்ந்து பார்க்கும் ஆடுகள். புருஷன் திருப்பூருக்குப் போய் வருஷத்துக்கு இரண்டு முறை தலை காட்டுகிறவன். மேய்ப்பது, தழைக்குழை ஒடிப்பது, குட்டிக்குப் பால் காட்டுவது எல்லாம் அவள் ஒருத்தி. அந்த முப்பத்திரண்டில் எட்டுக் கிடாய்கள் பக்ரீதுக்கென்று வளர்ந்தவை. கோவில்பட்டி சபியுல்லா பாய் தை மாசமே வந்து, முதுகைத் தடவிப் பார்த்து, எட்டையும் பேசி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த எட்டும் போனால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஆட்டுக்கொட்டகைக்குத் தகரம் போட்டுவிடலாம் என்பது முப்பிடாதியின் கணக்கு. போன மழையில் தார்ப்பாய் கிழிந்து நான்கு குட்டிகள் விறைத்துச் செத்திருந்தன.

பக்ரீதுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஆடுகளுக்குக் கண்ணில் நீர் வடிந்தது, மூக்கில் சளி கோத்தது, மூச்சு இரைத்தது. இரண்டு நாளில் மூன்று ஆடுகள் செத்தன. மருந்தக டாக்டர் உமாராணி வந்து பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சாதாரணச் சளியாவும் இருக்கலாம். மோசமான வைரஸாவும் இருக்கலாம். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புதேன். முடிவு வர நாலு நாளாகும். அதுவரைக்கும் ஒரு ஆடு இந்த ஊரைத் தாண்டப்படாது."

"மோசமானதா இருந்தா, டாக்டரம்மா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

டாக்டர் ஆடுகளைப் பார்த்தார். "எல்லாத்தையும் குழி வெட்டிப் புதைக்கணும்மா. ஊர்ல இருக்க மத்த ஆடுகளையும் பாக்கணும்."

முப்பிடாதி அங்கிருந்து நேரே என் கடைக்குத்தான் வந்தாள். அழவில்லை. அண்ணாச்சி மூட்டைமேல் இருந்தார். இப்போது ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். "அண்ணாச்சி, உள்ள உங்களுக்கு ஆள் இருக்குன்னு சொன்னியளே" என்று எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அண்ணாச்சி அதுவரை வாயே திறக்கவில்லை.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முப்பிடாதியைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மூட்டை சரிந்தது.

"நாலு நாளு எதுக்குத் தாயி? வரிசையில கிடந்தாத்தான் நாலு நாளு. நான் ஒரு வார்த்தை சொல்லுதேன்."

டாக்டர் ரத்தத்தைக் குப்பியில் அடைத்து, குப்பியை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவை இன்னொரு டப்பாவில் வைத்து, அதை ஐஸோடு தெர்மகோல் பெட்டியில் இறக்கி, சுற்றி டேப் ஒட்டி, டேப்மேல் கையெழுத்தும் போட்டு, உதவியாளர் சண்முகராஜிடம் கொடுத்தார். மருந்தக ஜீப் பட்டறையில் கிடந்தது. "நம்ம கார் எதுக்கு இருக்கு?" என்றார் அண்ணாச்சி. சண்முகராஜ் முன் சீட்டில். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் நான். போகிற வழியில் வலது பக்கம் திரும்பினால் வைரஸ் ஆபீஸ். அண்ணாச்சி நேரே கோவில்பட்டிக்கு விட்டார்.

"எங்க அண்ணாச்சி போறீய?"

"ஒரு எடத்துக்குப் போகும்போது வெறுங்கையோட போகப்படாது வே."

கோவில்பட்டியில் காரை நிறுத்தி ஒரு கிலோ கடலைமிட்டாய் வாங்கிவந்தார். எங்கள் பக்கத்திலிருந்து எந்த அதிகாரியைப் பார்க்கப் போனாலும் இதுதான் முறை. மாறுதலாகி வருகிறவருக்கும் கடலைமிட்டாய், போகிறவருக்கும் கடலைமிட்டாய். இது லஞ்சத்தில் சேராது, பாசத்தில் சேரும். சண்முகராஜ் டீக்கடைப் பக்கம் ஒதுங்கியபோது, அண்ணாச்சி பின் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கையில கொடுத்தா கேட்டுலயே வாங்கிவச்சுக்கிடுவான். பெட்டிக்குள்ள வச்சா நேரா நம்ம ஆளுகிட்டப் போயிரும்."

"டேப்ல டாக்டரம்மா கையெழுத்து இருக்கே அண்ணாச்சி?"

"மேல் பெட்டி மட்டும்தான் வே. ரத்தம் உள்பெட்டிக்குள்ள பத்திரமால்லா இருக்கு."

நான் தடுத்தேனா? இல்லை. டேப்பைப் பல்லால் கடித்து உரித்துக் கொடுத்தவனே நான். ஐஸுக்குப் பக்கத்தில் மிட்டாய்ப் பொட்டலத்தைத் திணித்து, கூடவே ஒரு சீட்டும் வைத்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: 'ஐயா, இது நமக்கு ரொம்ப வேண்டிய பிள்ளையின் ஆட்டு ரத்தம். கொஞ்சம் பார்த்துச் செய்யவும். இப்படிக்கு, செல்லத்துரை.'

பார்த்துச் செய்யவும் என்றால்? பட்டாவில் பார்த்துச் செய்யலாம். ரேஷன் கார்டில் பார்த்துச் செய்யலாம். ரத்தப் பரிசோதனையில் எதைப் பார்த்துச் செய்வார்கள்? உள்ளே இருக்கும் வைரஸைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்களா? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

வைரஸ் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு ஒரு வடநாட்டுக் காவலர். பெட்டியை ஜன்னல் வழியாக வாங்கி, ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, சண்முகராஜிடம் ரசீது கொடுத்தார். அண்ணாச்சி விடுவாரா? ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"தம்பி, செல்லத்துரை கொடுத்ததுன்னு உள்ள ஒரு வார்த்தை சொல்லிரும். முப்பிடாதி ஆடு."

"பேர் வேணாம்" என்றார் காவலர், கற்றுக்கொண்ட தமிழில். "நம்பர்."

"அது சரி தம்பி. பேரையும் ஓரமா எழுதிக்கிட்டா…"

"நம்பர்" என்று ஜன்னலைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது அண்ணாச்சி பாதி வழியில், "கண்டிப்பான ஆளு. இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

இரண்டாம் நாள் டாக்டர் உமாராணி என் கடைக்கு நடந்தே வந்தார். எதிரே இருக்கும் மருந்தகத்திலிருந்து இருபது அடிதான். அந்த இருபது அடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சண்முகராஜ் எங்கோ போய்விட்டான். டாக்டர் கையில் ஒரு காகிதம்.

"டேப் பிரிஞ்சிருக்கு, பெட்டிக்குள்ள பட்டியல்ல இல்லாத உணவுப் பொருள் இருக்குன்னு சாம்பிளையே தள்ளிட்டாங்க. என்னமோ ஏதோன்னு லேபுல ஒரு பக்கம் பூராவும் அடைச்சுப் போட்டு, ரெண்டு பேரு முழு உடுப்பு மாட்டி அரை நாளு அந்த மிட்டாயைச் சோதிச்சிருக்காங்க. கடைசில பெட்டி, ரத்தம், மிட்டாய், சீட்டு எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தீங்களே அண்ணாச்சி!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி குனியவில்லை. டாக்டர் போனபிறகு மெதுவாகக் கேட்டார்.

"மிட்டாய் திரும்பி வந்துச்சா சோலை?"

"எரிச்சுட்டாவன்னு சொல்லுதாவளே அண்ணாச்சி."

"எரிச்சத நீரு பாத்தீரா? வேண்டாம்னா திருப்பி அனுப்பியிருப்பாவல்லா? வரல. அப்ப வாங்கிட்டாவன்னு அர்த்தம்."

நான் மூட்டையை நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் டாக்டரே மறுபடி ரத்தம் எடுத்தார். வாடகை வண்டி பிடித்து, பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். வண்டி என் கடையைக் கடக்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனி, ஞாயிறு கணக்கில் சேராது. முடிவு வர இனி ஆறு நாள். பக்ரீதுக்கு ஏழு நாள்.

சபியுல்லா பாய் வந்து கொட்டகைக்கு வெளியிலேயே நின்றார். நல்ல மனிதர். செருப்பைக்கூட உள்ளே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, வேலிக்கு வெளியே நின்றபடி கிடாய்களைப் பார்த்தார்.

"முப்பிடாதி, வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாக்கேன். அதுக்கு மேல முடியாதும்மா. எட்டுக் குடும்பம் என்னைய நம்பியிருக்கு. அவியளுக்கு நான் பதில் சொல்லணும்லா."

"சரி பாய்" என்றாள் அவள்.

அந்த ஆறு நாளும் முப்பிடாதி சாயங்காலம் ஆடு அடைத்துவிட்டுக் கடைக்கு வருவாள். கையில் குழை வாசம் இருக்கும். அண்ணாச்சியிடம் ஒரே கேள்வி.

"உள்ள கேட்டியளா அண்ணாச்சி?"

"கேட்டேன் தாயி. நடந்துக்கிட்டிருக்கு. பயப்படாம போ."

"என்ன சொன்னாவ?"

"பாத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்காவ."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். நான்காம் நாள் அவள் போனபிறகு, அண்ணாச்சி போனை எடுத்தார். ஈபி ஆபீஸிலிருந்து பத்திரம் பழசு வரைக்கும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடிமட்டம் வரை போய், மறுபடி மேலே வந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

"சோலை" என்றார். "அங்கன எனக்கு ஒருத்தரையும் தெரியாது வே."

நான் கல்லாப் பெட்டியைச் சாத்தினேன்.

"தண்ணி லாரி டிரைவர் ஒருத்தனைத் தெரியும். அவனும் மதிலுக்கு வெளிய நின்னுதான் குழாயை மாட்டுதான். உள்ள பாத்ததில்லையாம்."

"அப்ப அவகிட்டச் சொல்லிர வேண்டியதான அண்ணாச்சி?"

"என்னன்னு சொல்ல? உன் ஆட்டு ரத்தம் ஆறு கதவுக்குள்ள கிடக்கு, அங்கன நம்மளை ஒரு மனுசனுக்கும் தெரியாதுன்னா? சொன்னா அவ இன்னைக்குத் தூங்குவாளா வே?"

அத்தனை நாள் அவரைக் கேலி செய்தவன் நான். உங்களிடம் இதுவரை செய்ததும் கேலிதான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் பாசம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அந்த மனிதர் நான்கு நாளாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். பயந்தும் போயிருந்தார். குழி வெட்டும்படி ஆனால், அதற்கு முன்னால் பறிபோன இரண்டு நாளும் அவர் கணக்கில்தான் எழுதப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அதில் பாதி உண்டு. பல் என்னுடையது.

வியாழக்கிழமை சாயங்காலம் சபியுல்லா பாயின் வண்டி எங்கள் ஊருக்குள் வராமலே ஓட்டப்பிடாரம் பக்கம் போனது. அங்கே வேறு எட்டுக் கிடாய்கள் கிடைத்துவிட்டன என்று போன் செய்து, மன்னித்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. மோசமான வைரஸ் இல்லை. சாதாரண நெஞ்சுச்சளிதான், ஊசி போட்டால் தேறிவிடும். டாக்டர் உமாராணி மருந்தக வாசலில் நின்று உரக்கவே படித்தார். இருபத்தொன்பது உயிர் பிழைத்தது.

செல்லத்துரை அண்ணாச்சியைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிப்பதற்குள், சத்தியமாகச் சொல்கிறேன், முழுசாக அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாத்தியா தாயி? பாத்துக்கிடுதோம்னு சொன்னாவல்லா? சொன்னபடி முடிச்சுக் கொடுத்துட்டாவ!"

"அண்ணாச்சி" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அங்கே முப்பிடாதி ஆடு வெறும் நம்பர். யார் ஆடுன்னு தெரியாததனாலதான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்காங்க."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "நம்ம ஆளு அப்படி. யாருக்காகவும் வளைய மாட்டாரு."

என்னால் பொறுக்கவில்லை. பக்ரீது அன்று காலை முப்பிடாதியின் கொட்டகைக்குப் போனேன். விற்காத எட்டுக் கிடாய்களும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. எல்லாவற்றையும் சொன்னேன். மிட்டாய், சீட்டு, டேப், என் பல், உள்ளே ஆள் யாரும் இல்லை என்பது, தண்ணி லாரி டிரைவர், எல்லாம். அவள் குழையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ணே. டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாவ."

"தெரிஞ்சும் தெனமும் வந்து கேட்டியே?"

"கேட்டா ஒரு தெம்பு. அவிய இல்லைன்னு சொல்லப்படாதேன்னுதான் வேண்டிக்கிட்டே வருவேன்." குழையை இன்னொரு முடிச்சு இறுக்கினாள். "ஒரு கிலோ மிட்டாயை எரிச்சதுக்கு, அதை எங்கிட்டக் கொடுத்திருந்தா நானாவது தின்னிருப்பேன்."

கிடாய்களை அடுத்தடுத்த வாரச் சந்தையில் சாதாரண விலைக்குத் தள்ளிவிட்டாள். தகரம் போட அது போதவில்லை. இந்த மழைக்கும் தார்ப்பாய்தான். கிழிந்த இடங்களில் நான் என் கடைச் சாக்குகளை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. ஒருவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது, அவ்வளவுதானே என்று விட்டிருப்பேன். போன வாரம் பக்கத்துத் தெரு உமாதேவியின் செம்மறி ஆடுகள் இருமத் தொடங்கின. டாக்டர் ரத்தம் எடுத்து, டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். உமாதேவி மருந்தக வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் கடையில் இருந்தேன். அண்ணாச்சி மூட்டைமேல் இருந்தார். பட்ட பாட்டில் அவர் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

முப்பிடாதி தெருவைக் கடந்து வந்தாள். உமாதேவியின் தோளில் கை வைத்தாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? என் ஆட்டு ரத்தம் ரெண்டு மட்டம் உள்ள போயிருக்கு. அங்கன நமக்கு ஆள் இருக்கு. நான் சொல்லுதேன்."

"நெசமாவாக்கா? யாரு?"

"பேரு வேண்டாம். அவிய பொழப்பு கெட்டுரும்."

உமாதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனாள். அன்றைக்குத் தூங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசைப் பார்த்தேன்.

ஆறு கதவு போட்டு, காற்றை வடிகட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்து அடைத்து வைத்திருக்கும் கிருமி எதுவும் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனால் இது வந்துவிட்டது. தொட்டால் ஒட்டாது. கேட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் வயிற்றில் பயம் இருந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் வாயில் வந்து முளைத்துவிடும்.

உங்களுக்கு இதெல்லாம் வராது. நீங்கள் படித்தவர், வரிசையில் ஒழுங்காக நிற்பவர். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும்போது, "டாக்டர் நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியே இருக்கட்டும். ஆனால் நாளைக்கோ மறுநாளோ, அலுவலகத்திலோ கல்யாண வீட்டுப் பந்தியிலோ, யாராவது ஒருவர் இந்த மாதிரி ஆய்வகத்தைப் பற்றிப் பேச்சை எடுப்பார். உள்ளே என்ன நடக்கிறதோ என்று பயப்படுவார். அப்போது நீங்கள் சாம்பார் வாளிக்காரரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ள எப்படின்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அங்கே…" என்று ஆரம்பிப்பீர்கள்.

அந்த ஒருத்தர் நான்தான். தயவுசெய்து என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.